நெசத் தேதி

அவருடைய கைக்கடிகாரம் இருபது நிமிடம் முன்னால் ஓடும். பழுது அல்ல, அவரே வைத்தது. கம்பெனியில் எல்லோருக்கும் அது தெரியும். மணி என்னவென்று கேட்டால் கடிகாரம் காட்டுவதை அப்படியே சொல்வார். கேட்டவர் மனதுக்குள் இருபதைக் கழித்துக்கொண்டு போவார். சரக்கு ஏற்ற வரும் கண்டெய்னர் டிரைவர்கள்கூட இரண்டாம் தடவை வரும்போது கழிக்கக் கற்றிருப்பார்கள்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. இதை அவர் படிக்க நேர்ந்தால் பெயரைப் பற்றிக் கவலைப்பட மாட்டார். தேதிகளைத்தான் திருத்துவார்.

திருப்பூரில் நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த எக்ஸ்போர்ட் கம்பெனியில் அவர் பிளானிங் பார்த்தார். எந்த ஆர்டர் எந்த நாளில் வெட்டுக்குப் போக வேண்டும், எந்த நாளில் தைத்து முடிக்க வேண்டும், எந்தக் கப்பலில் ஏற வேண்டும் என்று பார்க்கும் வேலை. எல்லாக் கணக்கும் கப்பல் தேதியிலிருந்து பின்னோக்கி வரும். அந்தக் கப்பல் தேதி அவர் ஒருவருக்குத்தான் தெரியும். தையலுக்கு நான்கு நாள் முன்னால் ஒரு தேதியைச் சொல்வார். கட்டிங்குக்கு ஏழு நாள். சாயப்பட்டறைக்குப் பத்து. நடுவில் ஒளித்து வைக்கும் அந்த நாட்களுக்கு எங்கள் ஊரில் பஃபர் என்று பெயர்.

"நெசத் தேதி ஒருத்தருக்குத்தானுங்க தெரியோணும்" என்பார். "ரெண்டு பேருக்குத் தெரிஞ்சா அது தேதி இல்லீங்க, வதந்தி."

இது தெரியாமல் சேர்ந்தவன் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்துக் கல்லூரிக்குப் போன முதல் ஆள். அப்பா பண்டல் ஏற்றுகிறவர், அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். படித்தவர்கள் வேலை பார்க்கும் இடத்தில் ஒருவர் பன்னிரண்டாம் தேதி என்றால் பன்னிரண்டாம் தேதிதான் என்று நினைத்தேன். சேர்ந்த மாதமே ஒரு குழந்தைகள் டிஷர்ட் ஆர்டர் என் பொறுப்பில் வந்தது. அவர் "பன்னெண்டாந்தேதி கப்பலுங்க" என்றார். மூன்று நாள் வீட்டுக்கே போகாமல், பட்டன் கடைக்கும் பிரிண்டிங்குக்கும் அலைந்து, பன்னிரண்டாம் தேதி காலையில் பெட்டிகளை அடுக்கிவிட்டேன். பெட்டிகள் பதினெட்டாம் தேதி வரை அங்கேயே இருந்தன. பேக்கிங் பெண்கள் அவற்றின்மேல் உட்கார்ந்து டீ குடித்தார்கள். எனக்குப் 'பன்னெண்டு' என்று பெயரும் வைத்தார்கள்.

நேராக அவர் மேசைக்குப் போனேன். "ஏனுங்ணா, பொய் சொல்லீருக்கீங்க."

அவர் கோபப்படவில்லை. "இருவத்திரெண்டு வருசத்துல நான் சொன்ன தேதிய நம்புனது நீங்க ஒருத்தருதான் கண்ணு" என்றார். அது பாராட்டா கேலியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதன்பிறகு நானும் கழிக்கக் கற்றுக்கொண்டேன். எங்கள் கட்டிங் மாஸ்டர்தான் அதில் கெட்டிக்காரர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பிளானிங் பார்த்தவரை மாஸ்டர் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். "அண்ணாச்சி தலைய சொறிஞ்சுக்கிட்டுச் சொன்னா நாலு நாளு. கண்ணப் பாத்துச் சொன்னா ஏழு. 'அர்ஜென்ட்'னு இங்கிலீசுல சொன்னா நீரு ஊருக்கே போயிட்டு வரலாம் தம்பி."

வெளியே மட்டும் இல்லை, வீட்டிலும் அவர் அப்படித்தான். திருப்பூர் ராயபுரத்தில் அவர் வீட்டுக்கு ஒருமுறை போயிருந்தபோது அவர் மனைவி சொன்னார்: "எங்க கண்ணாலத்துக்கு எங்கப்பாரு ஊட்டாளுங்களுக்கெல்லாம் இவரு முகூர்த்தம் ஏழரைன்னு சொல்லீட்டாருங்க. எல்லாரும் விடியால எந்திரிச்சு ஓடியாந்தா மணமேடைக்குப் பூவே வரல. முகூர்த்தம் ஒம்போதுக்கு."

அவர் செய்தித்தாளை இறக்காமலேயே, "தாலி கட்டறப்ப எல்லாரும் இருந்தாங்களா இல்லீங்களா?" என்றார்.

"இருந்தாங்க. பாதிப் பேரு தூங்கீட்டு இருந்தாங்க."

இப்படிப்பட்டவருக்குக் கார் பந்தயத்தின்மேல் ஒரு பைத்தியம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பந்தயம் என்றால் எந்த ஷிப்மென்ட் இருந்தாலும் டிவி முன்னால் இருப்பார். எந்த ஓட்டுநரின் ரசிகரும் இல்லை. யார் ஜெயித்தார் என்று திங்கட்கிழமை கேட்டால் யோசித்துத்தான் சொல்வார். சக்கரம் மாற்ற எத்தனை நொடி ஆனது, யார் எந்தச் சுற்றில் உள்ளே வந்தார் என்பதை மட்டும் கேட்காமலே சொல்வார்.

ஏன் இந்தப் பைத்தியம் என்று ஒருநாள் கேட்டேன். சின்ன வயதில் கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தாராம். ஒரு ஞாயிறு அன்று யாரோ ஊருக்கு வெளியே இருக்கும் பந்தயத் தளத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். பத்து மணிக்கு என்று மைக்கில் சொன்னார்களாம்.

"நானு பதினொண்ணரைக்குத்தான் எடுப்பாங்கன்னு டீ குடிக்கப் போயிட்டேனுங்க. சத்தம் கேக்குது. ஓடி வந்து பாத்தா வண்டியெல்லாம் போயிருச்சு. மணியப் பாத்தா பத்து. எந்த வண்டி, என்ன நெறம், ஒண்ணும் ஞாபகமில்லீங்க. பத்துன்னா பத்து. அது ஒண்ணுதான் ஞாபகம்."

பெரிய பந்தயங்களில் அஞ்சு சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து, பிறகு ஒன்றாக அணையும். அணைந்தால் போக வேண்டியதுதான். யாருக்காகவும் நிற்காது. அதை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. சிங்கப்பூரில் ஊர்த் தெருக்களையே அடைத்து நடக்கும் பந்தயம் அவர் தேர்ந்தெடுத்தது. வெள்ளி, சனி, ஞாயிறு, மூன்று நாள். கோயம்புத்தூரில் ஏறினால் நேராகப் போய் இறங்கலாம்.

தனியாகப் போக அவருக்கு மனமில்லை. மாஸ்டரைக் கேட்டார். "கடலத் தாண்டுனா சரி அண்ணாச்சி, காரு ஓடுனா என்ன, கழுத ஓடுனா என்ன" என்று மாஸ்டர் சேர்ந்துகொண்டார். அடுத்து என்னைக் கேட்டார். எனக்குக் கார் பந்தயம் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டில் யாரும் விமானம் ஏறியதில்லை, யாரிடமும் பாஸ்போர்ட் கிடையாது. சரி என்றேன்.

மார்க்கர் பேப்பர் என்று ஒன்று உண்டு. துணியின்மேல் விரித்து அதன் கோட்டின்படி வெட்டுவார்கள். அதில் நாலு முழம் கிழித்து, கட்டிங் டேபிளில் விரித்து, அவர் திட்டம் போட்டார். வலது ஓரத்தில் அஞ்சு சிவப்பு வட்டம் வரைந்தார். அதுதான் கப்பல் தேதி. அங்கிருந்து இடது பக்கமாகப் பின்னோக்கி வந்தார். பந்தயம் பார்க்கும் ஸ்டாண்டுக்குள் நுழைவது, ரயில், தங்கும் அறை, விமானம், விசா, பாஸ்போர்ட், லீவு. கடைசியாக இடது ஓரத்தில் அன்றைய தேதி.

மாஸ்டர் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "எத்தன நாளு ஒளிச்சு வச்சிருக்கீரு, உண்மையச் சொல்லும்" என்றார்.

அவர் பேனாவை மூடினார். "இதுல பஃபர் இல்லீங்க மாஸ்டர். எல்லாமே நெசத் தேதி."

"அண்ணாச்சி நெசம்னு வேற சொல்லுதாரு. அப்ப பத்து நாளு இருக்கும்."

"இல்லீங்க. இந்த ஒரு தடவ நான் அப்படிப் பண்ணல. லைட்டு அணையறதப் பாக்கப் போறமுங்க. அதுக்குப் போயி பொய் சொல்லறதுக்கு எனக்கே ஒரு மாதிரி இருக்குது."

நாங்கள் இருவரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அதைக் கவனித்தேன். கவனித்தும் அதற்கு ஒரு அர்த்தம் இருக்கலாம் என்று தோன்றவில்லை.

பாஸ்போர்ட்டுக்காகப் போலீஸ்காரர் விசாரிக்க வந்தபோது வேலம்பாளையத்தில் எங்கள் லைன் வீடுகள் மொத்தமும் வாசலுக்கு வந்துவிட்டன. அம்மா ஒவ்வொருவரிடமும் விளக்கினார். "என்ற பையன் சிங்கப்பூரு போறான். வேலைக்கில்ல, சும்மா பாத்துட்டு வாரதுக்கு." சும்மா என்ற சொல்லைத்தான் அழுத்திச் சொன்னார். எங்கள் தெருவில் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவர்கள் உண்டு. சும்மா போனவர்கள் யாரும் இல்லை.

மாஸ்டரின் பாஸ்போர்ட் ஊர் விலாசத்தில் சிக்கிக்கொண்டு மிகத் தாமதமாக வந்தது. மார்க்கர் பேப்பரில் பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் நடுவே இருந்த நாட்களெல்லாம் அதில் தீர்ந்துபோயின. அதன்பிறகு ஒரு புதன்கிழமை அவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"விசா பேப்பரு திங்கக்கெழமை சாயங்காலம் என்ற கையில இருக்கோணுமுங்க. மூணு பேர்த்தும் ஒண்ணா ஏஜென்ட்டுகிட்டக் குடுக்கறேன். தனித்தனி லாட்டாப் போட்டா ஷேடு மாறிப் போயிரும்."

ஒரே சாயம் என்றாலும் தனித்தனியாகப் போட்டால் துணியின் நிறம் கொஞ்சம் வேறுபடும் என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த பயம். ஒருவருக்கு விசா கிடைத்து ஒருவருக்குக் கிடைக்காமல் போய்விடும் என்று அவர் அதே பயத்தை இங்கும் பட்டார்.

என்னிடம் எல்லாப் பேப்பரும் இருந்தன. வெள்ளைப் பின்னணியில் ஒரு போட்டோ மட்டும் எடுக்க வேண்டும். ஸ்டுடியோ எங்கள் பஸ் ஸ்டாப்பிலேயே இருக்கிறது. திங்கட்கிழமை என்றால் வெள்ளிக்கிழமை என்று கணக்குப் போட்டேன். 'பன்னெண்டு' என்று இன்னொரு தடவை யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது. பெட்டிகளின்மேல் டீ கிளாஸ் வைத்தது எனக்கு மறக்கவில்லை.

திங்கட்கிழமை போனது. வழக்கமாக அவர் ஒரு வேலையைச் சொன்னால் ஒரு நாளைக்கு மூன்று தடவை போன் செய்வார். அந்த வாரம் ஒரு போன்கூட வரவில்லை. மாஸ்டரிடம் கேட்டேன்.

"எனக்கும் வரலியே. அவசரம்னா அண்ணாச்சி நம்மள இந்நேரம் உண்டு இல்லன்னு ஆக்கியிருப்பாரு. பேசாம இரும்" என்றார். மாஸ்டர் புதன்கிழமை கொடுத்தார். நான் வியாழக்கிழமை மாலை, போட்டோவையும் எடுத்துக்கொண்டு, இன்னும் ஒருநாள் முன்னால் கொடுக்கிறோம் என்ற பெருமையோடு அவர் மேசைக்குப் போனேன்.

மேசைமேல் ஒரு கவர் இருந்தது. அவருடைய பேப்பரும் மாஸ்டருடையதும் உள்ளே. கவரின் வாய் திறந்தே இருந்தது. என்னுடையதை வாங்கி உள்ளே வைத்து, கம் தடவி ஒட்டினார்.

"நாளைக்கு ஏஜென்ட் ஆபீஸ் லீவுங்க கண்ணு. அப்புறமு சனி, ஞாயிறு" என்றார்.

"நேத்தே ஒரு போன் பண்ணீருக்கலாமுல்லங்ணா?"

"நெசத் தேதி சொன்னா போன் பண்ண வேண்டியதில்லீன்னு நெனச்சேனுங்க."

விசா மூன்றும் ஒன்றாகத்தான் வந்தன. ஷேடு மாறவில்லை. பந்தயம் முடிந்த திங்கட்கிழமை வந்தன.

அதற்கு முந்தைய நாள், ஞாயிறு சாயங்காலம், அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வண்டியில் போகும்போதே வாக்கியங்களைத் தயார் செய்திருந்தேன். கதவைத் திறந்த அவர் மனைவி உள்ளே கையைக் காட்டினார். அவர் டிவி முன்னால் நாற்காலியில் இருந்தார். நம் ஊர் நேரம் அஞ்சரை ஆகப் போகிறது. "உக்காருங்க கண்ணு" என்றார். விளக்குகள் எரிந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அணைந்தன. வண்டிகள் போய்விட்டன. அவர் மூச்சை வெளியே விட்டார். அவ்வளவுதான்.

நான் ஆரம்பித்தேன். "என்னாலதானுங்ணா..."

"உங்களாலதானுங்க" என்றார். மறைக்கவில்லை. பிறகு, "ஆனா உங்களைச் சொல்லி என்ன பண்றது. இருவத்திரெண்டு வருசமா ஒருத்தருக்கும் நெசத் தேதி சொன்னதில்ல. ஒரே ஒரு தடவ சொன்னா எவன் நம்புவான்? நானா இருந்தா நானே நம்ப மாட்டேன்."

அவர் மனைவி சமையலறையிலிருந்து, "எனக்கு இன்னிக்கு வரைக்கும் அவரு பொறந்த நாளே சந்தேகமுங்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை. சொன்னவரும் சிரிக்க வைக்கச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

டிக்கெட் பிரிண்ட் அவுட்டுகளை மறுநாள் அவர் ஒரு ஃபைலில் வைத்தார். கேன்சல் ஆர்டர்களுக்கான ஃபைல் அது. மார்க்கர் பேப்பரை மட்டும் சுருட்டி, அலமாரிக்கு மேலே போட்டார். நான் ஒரு வாரம் லைன் வீட்டுக்குப் பின்பக்கச் சந்து வழியாகப் போய் வந்தேன். அம்மா தெருவில் என்ன சொல்லிச் சமாளித்தார் என்று நான் கேட்கவில்லை.

கம்பெனியில் எல்லாம் பழையபடிதான் நடந்தது. தையலுக்கு நாலு நாள், கட்டிங்குக்கு ஏழு நாள். எனக்கு மட்டும் ஒரு மாற்றம் தெரிந்தது. என் ஆர்டர்களுக்கு அவர் தேதி சொல்லும்போது ஒரு நொடி நிறுத்துவார். எந்தத் தேதியைச் சொல்வது என்று அவருக்கே குழப்பம் போலிருக்கும். அந்த ஒரு நொடி என்னை மிகவும் சங்கடப்படுத்தியது. திட்டியிருந்தால்கூட அவ்வளவு இருந்திருக்காது.

அந்தச் சங்கடத்தாலோ என்னவோ, சில மாதங்களில் நான் அவிநாசி ரோட்டில் வேறொரு கம்பெனிக்கு மாறினேன். அங்கே நான்தான் பிளானிங். முதல் நாள் தையல் சூப்பர்வைசர் கப்பல் தேதி கேட்டார். நான்கு நாள் முன்னால் ஒன்றைச் சொன்னேன். வாய் தானாகச் சொன்னது.

அடுத்த வருடம் ஒரு வெள்ளிக்கிழமை காலை போன் வந்தது. வணக்கம் விசாரிப்பு ஒன்றும் இல்லை.

"கண்ணு, விசா பேப்பரு திங்கக்கெழமை என்ற கையில இருக்கோணும்."

"சரிங்ணா."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பர்மிஷன் போட்டேன். ஸ்டுடியோவில் போட்டோ எடுத்து, ஈரம் காயும் முன்பே வாங்கி, வீட்டுக்குப் போய் ரேஷன் கார்டோடு அம்மா வைத்திருந்த பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, ராயபுரம் போனேன். வாசலில் ஒரு பழைய ஸ்கூட்டர் நின்றிருந்தது. உள்ளே மாஸ்டர் சோபாவில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். பேப்பர் மேசைமேல் இருந்தது.

"வாரும், லேட்டு" என்றார் மாஸ்டர்.

அவர் என்னைப் பார்த்தார். மாஸ்டரைப் பார்த்தார். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"திங்கக்கெழமைன்னுதானுங்க சொன்னேன்?"

"ஆமாங்ணா."

"இன்னிக்கு வெள்ளிங்க."

"ஆமாங்ணா."

அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "கடைசி நாளு அடுத்த மாசம் பதினெட்டுங்க" என்றார்.

மாஸ்டருக்கு மோர் புரையேறியது. "அப்ப அண்ணாச்சி பழையபடி ஆரம்பிச்சுட்டீரு!"

"நானென்னங்க பண்றது? போன வருசம் நெசத்தச் சொன்னேன், நம்பல. இந்த வருசம் பொய்யச் சொன்னேன், சோத்தக்கூடத் திங்காம ஓடி வந்திருக்கீங்க." உள்ளே திரும்பி, "ரெண்டு பேர்த்துக்கும் சாப்பாடு போடு" என்றார்.

"வச்சாச்சுங்க. இவங்க இன்னிக்கே வருவாங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார் அவர் மனைவி, உள்ளேயிருந்து.

கவரை அன்றே ஒட்டினோம். விசா வந்த பிறகும் விமானம் ஏற ஏழு வாரம் இருந்தது. அந்த ஏழு வாரமும் அம்மா தெருவில் எதுவும் சொல்லவில்லை. நான் கிளம்பிய அன்று காலையில்தான் சொன்னாராம்.

பந்தயத்தைப் பற்றி எழுத என்னிடம் அதிகம் இல்லை. புழுக்கம், வேர்வை, சத்தம். விளக்கு அணைவதற்கு முன் என் முழங்கையைப் பிடித்த அவர் கை, வண்டிகள் ஒரு சுற்று முடித்துத் திரும்பி வரும் வரை விடவில்லை. எனக்கு நன்றாக நினைவில் இருப்பது அதற்கு இரண்டு நாள் முந்தைய காலை. விமானம் இறங்கும்போது விடிந்துகொண்டிருந்தது. கடலில் கப்பல்கள் வரிசையாக நின்றன. பணிப்பெண் அந்த ஊர் நேரத்தை மைக்கில் சொன்னாள். நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். மாஸ்டர் தன் கடிகாரத்தைக் கழற்றி முள்ளைத் திருப்பினார். முன் இருக்கைக்காரரும் திருப்பினார்.

நடு இருக்கையில் அவரும் கடிகாரத்தைக் கழற்றினார். மடியில் வைத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, சாவியை இழுத்து, முள்ளை நிதானமாகத் திருப்பினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லோரும் இரண்டரை மணி நேரம் கூட்டினார்கள். அவர் இரண்டு மணி பத்து நிமிடம் கூட்டினார்.